மாத்தி வெச்ச ஆயில்

மகன் மேல் ஒரு தகப்பன் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு மட்டாஞ்சேரியில் விலை உண்டு. லிட்டர் இருநூற்று அறுபது ரூபாய். அது முடியும் விலை. சொல்லும் விலை முன்னூற்றிருபது. நடுவில் கிடக்கும் அறுபது ரூபாயைப் பேசிப் பேசித்தான் உதிர்க்க வேண்டும். நஜ்முதீன் ராவுத்தருக்கு அதற்குத் தேவையான வாய் இருந்தது. நாற்பது வருடம் சுக்குக்கும் மிளகுக்கும் தரகு பேசிய வாய். ஆகவே அவருக்கு எப்போதும் இருநூற்று அறுபதுக்கே கிடைத்தது. எதை வாங்கிக்கொண்டிருந்தோம் என்பதுதான் அவருக்கு ஒரு வருடம் தெரியாமல் போயிற்று.

அவரிடம் ஒரு குட்டியானை இருந்தது. சிஎன்ஜியில் ஓடும் சின்னச் சரக்கு வண்டியை மார்க்கெட்டில் அப்படித்தான் சொல்வார்கள். வண்டி அவர் பேரில், ஓட்டுவது மகன் சஜ்ஜாத், ஆயில் மாற்றுவது அவர். இந்தக் கடைசி வேலையை அவர் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. வண்டி வாங்கிய புதிதில் ஒரு ஒர்க்‌ஷாப்காரன் மூன்று லிட்டர் பிடிக்கும் இன்ஜினுக்கு நாலு லிட்டருக்கு பில் போட்டான். "பாக்கி ஒரு லிட்டர் எங்கே சேட்டா?" என்று கேட்டதற்கு, "இன்ஜின் குடிச்சு" என்றான். ஒரு சாயா குடிக்கும் நேரத்தில் ஒரு லிட்டர் குடிக்கிற இன்ஜினைத் தன் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ள நஜ்முதீனுக்கு இஷ்டமில்லை. அன்றைக்கே ஒரு ஸ்பானர் செட் வாங்கினார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்றால் அவருக்கு இரண்டு கடமை. ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, பழைய கைலிக்கு மாறுவார். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். சூடான ஆயில்தான் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். அட்டையை விரித்து வண்டிக்கடியில் நுழைந்து, போல்ட்டைக் கழற்றி, பேசினில் கறுப்பாக விழுகிறதைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்ப்பார், முகர்வார். சுக்கு மூட்டையில் கைவிட்டு ஒன்றை எடுத்து உடைத்து முகர்கிற அதே பாவனைதான். புது செம்பு வாஷர் போட்டு போல்ட்டை முடுக்கி, ஃபில்டரின் ரப்பருக்கு ஆயில் தடவிக் கையால் இறுக்கி, புது ஆயிலை ஊற்றி, அளவுக்கம்பியைத் துடைத்து உள்ளே விட்டுப் பார்ப்பார். வருடம் முழுக்க இல்லை. வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான். ஆனால் மற்ற வெள்ளிகளில் பள்ளிவாசல் ஜெனரேட்டர் வரும், பக்கத்து ஐஸ்கிரீம் கடையின் ஜெனரேட்டர் வரும், யாரோ ஒருவரின் புல் வெட்டும் மெஷின் வரும். எல்லாம் இலவசம். "ராவுத்தர் கை பட்டா பின்னே ஒரு வருஷத்துக்குப் பேச்சில்லை" என்று ஜனங்கள் சொல்வதைக் கேட்பதுதான் கூலி.

இந்த மாதம் அவர் ஒரு பெரிய காரியத்துக்குச் சம்மதித்திருந்தார். சஜ்ஜாத் லோன் போட்டு இரண்டாவது வண்டி எடுக்கப் போகிறான். பேங்க்காரர்கள் முதல் வண்டி அவன் பேரில் இருக்க வேண்டும் என்றார்கள். "எழுதிக்கோ. பெத்த பிள்ளைக்குக் குடுக்கறதுக்கு என்ன கணக்கு" என்றார் நஜ்முதீன். விண்ணப்பம் எல்லாம் போனிலேயே போட்டாயிற்று. திங்கட்கிழமை அவருடைய போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னால் வண்டி மகனுடையது. அவர் வைத்தது ஒரே நிபந்தனை.

"பேர் உன்னுது. ஆயில் மட்டும் என் கைதான்."

"அதெல்லாம் எப்பவும் போலத்தான் அத்தா" என்றான் சஜ்ஜாத்.

வெள்ளிக்கு முந்தின நாள் அவர் செல்லப்பாவின் கடைக்குப் போனார். செல்லப்பா சங்கரன்கோவில்காரர். இருபது வருடத்துக்கு முன்னால் கொச்சிக்கு வந்து சுள்ளிக்கல்லில் ஆயில், கிரீஸ், ஃபில்டர் விற்கிற கடை போட்டவர். சீல் வைத்த டின்னும் உண்டு, பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் சில்லறை ஆயிலும் உண்டு. நஜ்முதீன் டின் பக்கம் திரும்பமாட்டார். டின்னில் விலை அச்சடித்திருக்கும். அச்சடித்த விலையோடு ஒரு மனிதன் என்னத்தைப் பேசுவது.

"மூணு லிட்டர். எவ்வளவு போடறே?"

"முன்னூத்திருபது பாய்."

"போன தடவை இருநூத்தறுபது."

"போன தடவை என் வீட்டுக்காரி ஊருக்குப் போயிருந்தா. மனசு லேசா இருந்துச்சு, குடுத்துட்டேன். இப்பத் திரும்பி வந்துட்டா."

"அந்த அம்மா வந்ததுக்கு நான் ஏன் அறுபது ரூபா கட்டணும்? நீ கட்டு."

"கட்டிட்டுத்தான் இருக்கேன் பாய், தெனமும். சரி, முன்னூறு."

"இந்த பீப்பாயைத் திறந்து எத்தனை நாளாச்சு? மேல தூசி பாரு. மழைக்காலத்துல திறந்த பீப்பாய். ஈரம் இறங்கியிருக்கும். இருநூத்தி நாப்பது."

"ஆயில்ல ஈரம் இறங்குமா? உங்க சுக்கா இது? இருநூத்தி எண்பது. இதுக்குக் கீழ போனா நான் கடையப் பூட்டிட்டு உங்க வீட்டுக்கே சாப்பாட்டுக்கு வரணும்."

"வா. ஜுமைலா ஆள் பாத்துத்தான் சோறு போடுவா."

இப்படியே இறங்கி இருநூற்று அறுபதில் நின்றது. செல்லப்பா தோற்றவர் முகத்தோடு உள்ளே போய் ஒரு கேனில் நிரப்பிக்கொண்டு வந்தார். நஜ்முதீன் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, நெஞ்சில் ஒரு சின்னக் குளிர்ச்சியோடு வெளியே வந்தார். சுக்குத் தரகெல்லாம் இப்போது போனில் நடக்கிறது. ஒருவன் படம் அனுப்புகிறான், இன்னொருவன் கட்டைவிரல் அனுப்புகிறான். முகத்துக்கு முகம் பேசி ஒருவனை அடித்து இறக்குகிற சந்தோஷம் அவருக்கு மிச்சமிருந்தது இந்தக் கடையில் மட்டும்தான்.

"அறுபது ரூபா இறக்கினேன்" என்றார் வீட்டுக்கு வந்து.

ஜுமைலா கப்பைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். "பாவம் அந்த மனுஷன்" என்றாள், தலை தூக்காமல்.

வெள்ளிக்கிழமை. வண்டிக்கடியில் அட்டையை விரிக்கும் முன் அவர் கேனின் மூடியைத் திறந்தார். வழக்கமாக அதை முகரமாட்டார். பழைய ஆயிலைத்தான் முகர்வார், புது ஆயிலில் முகர என்ன இருக்கிறது. இன்றைக்கு முகரவே வேண்டியிருக்கவில்லை. அது தானாக வந்தது.

கிராம்பு.

நஜ்முதீன் கேனைத் தூக்கி மூக்கருகில் வைத்தார். ஆயில் வாசம் மேலே கனமாக நின்றது. அதற்குக் கீழே, கதவிடுக்கில் நிற்கிற ஆள் மாதிரி, கிராம்பு. காய்ந்த மொட்டின் வாசம் இல்லை, இலையிலிருந்து வடிக்கிற எண்ணெயின் வாசம். கொஞ்சம் முரடு, தொண்டையில் போய்க் குத்தும். நாலைந்து மாதத்துக்கு முன்னால் ஒரு பார்ட்டி சாம்பிள் என்று அவரிடம் ஒரு கேன் கிராம்பு இலை எண்ணெய் கொடுத்திருந்தான். வியாபாரம் படியவில்லை. எண்ணெயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காலிக் கேன் அடுப்படிக்குப் பின்னால் கிடந்தது.

அவர் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தார். கேன் இல்லை.

கைலியோடு, கேனும் கையுமாக, அவர் சுள்ளிக்கல்லுக்கு நடந்தார். தன் வீட்டுக் கேனை ஒருவன் திருடி அதில் தனக்கே ஆயில் விற்கிறான் என்றால் அதில் ஒரு ரசனை இருக்கிறது என்றுகூட வழியில் நினைத்துக்கொண்டார். சிரிப்பும் கோபமும் சரிபாதி. இன்னும் அவர் மனதில் மகன் வரவில்லை.

"மோந்து பாரு" என்று கேனைச் செல்லப்பாவின் முன்னால் வைத்தார்.

"ஆயில்."

"அதுக்கு அடியில."

"அடியிலயும் ஆயில்தான் பாய். மூணு லிட்டரும் அதே சரக்கு."

"கிராம்பு."

"அப்ப நல்லதுதான. இன்ஜினுக்குப் பல்வலி வராது."

"செல்லப்பா, நான் சிரிக்கலை. என் அடுப்படிக்குப் பின்னால கெடந்த கேன் உன் கடைக்கு நடந்தா வந்தது?"

செல்லப்பா கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். நஜ்முதீன் உட்காரவில்லை. உட்காரச் சொல்லிவிட்டுச் சொல்லும் விலை எப்போதும் கெட்ட விலையாகத்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"நான் எடுக்கலை பாய். உங்க தம்பிதான் கொண்டாந்துச்சு."

"எந்தத் தம்பி? எனக்குத் தம்பி கிடையாது."

"சஜ்ஜாத் தம்பி."

"காலிக் கேனையா?"

"ஆயிலோட."

பிறகு செல்லப்பா சொன்னதெல்லாம் நேராக, ஒரே மூச்சில் வந்தது. ரொம்ப நாளாகச் சொல்ல இடம் தேடிக்கொண்டிருந்தவர் மாதிரி சொன்னார். சஜ்ஜாத் வண்டி ஓட்டுகிற ஏற்றுமதிக் கம்பெனி போன வருடம் ஒரு சட்டம் போட்டது: கம்பெனிச் சரக்கு ஏற்றுகிற வண்டி எல்லாம் சர்வீஸ் சென்டரில்தான் ஆயில் மாற்ற வேண்டும், சீல் வைத்த பில்லைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் லோடு இல்லை. சஜ்ஜாத் அப்பாவிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நஜ்முதீன் ஆயில் மாற்றுவார். சனிக்கிழமை காலையில் சஜ்ஜாத் ஆலுவாவுக்கு லோடு எடுக்கப் போகிற வழியில் சர்வீஸ் சென்டரில் நிறுத்துவான். அவர்கள் அந்த ஆயிலை வடித்துவிட்டு வேறு ஆயில் ஊற்றி, பில் கொடுப்பார்கள். வடித்தது ஒருநாள்கூட ஓடாத ஆயில். சிஎன்ஜி வண்டி என்பதால் நிறம்கூட மாறியிருக்காது. அதைக் கொட்ட அவனுக்கு மனசு வரவில்லை. கேனில் பிடித்து வந்து செல்லப்பாவுக்கு லிட்டர் நூற்றைம்பதுக்குக் கொடுத்தான்.

"நீ அதை யாருக்கு வித்தே?"

செல்லப்பா துணியை எடுத்து, துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார்.

"யாருக்கு வித்தேன்னு கேக்கறேன்."

"வேற யாருக்குப் பாய் விக்க முடியும்? வடிச்ச ஆயிலத் தெரியாதவங்களுக்கு விக்கது பாவமில்லையா. உங்க ஆயில் உங்களுக்கே வந்துச்சு. தம்பிக்கு மூணு லிட்டருக்கும் முழுக் காசு குடுத்துட்டு, சிந்துனதுக்கு ஈடா கால் லிட்டர் புதுசும் கலந்துதான் தந்தேன். அந்தக் கால் லிட்டரு என் கைக்காசு."

நஜ்முதீன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவருக்கு ஆயில் பெரிதாகத் தோன்றவில்லை. விற்ற சரக்கையே திருப்பி விற்பது மட்டாஞ்சேரியில் புதிதில்லை. அவரே ஒரு தடவை ஒரு மூட்டை ஜாதிக்காயை அதே சேட்டுக்கு இரண்டு தரம் விற்றிருக்கிறார். வேறொன்றுதான் உள்ளே இடித்தது.

"அப்போ அந்த முன்னூத்திருபது?" என்றார் மெதுவாக.

"எது பாய்?"

"நீ சொல்ற விலை. முன்னூத்திருபதுன்னு ஆரம்பிச்சு, உன் பொண்டாட்டி கதை எல்லாம் சொல்லி, இருநூத்தறுபதுல வந்து நிப்பியே."

செல்லப்பா தலையைச் சொறிந்தார். "தம்பிதான் சொல்லுச்சு. அத்தாகிட்ட ஒரே விலையாச் சொல்லிடாதீங்க, அவங்களுக்கு அது பிடிக்காது, முன்னூத்திருபதுல ஆரம்பிங்க, அறுபது ரூபா குறைச்சாத்தான் அவங்களுக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்கும்னு."

நாற்பது வருடத் தரகில் நஜ்முதீன் ஏமாந்திருக்கிறார், ஏமாற்றியிருக்கிறார். கல் கலந்த மிளகு வாங்கியிருக்கிறார். ஒரு குஜராத்தி அவரை மொட்டை அடித்துவிட்டு மறுநாள் அவர் காசிலேயே சாயா வாங்கிக் குடித்திருக்கிறான். அதெல்லாம் தோல்வி, தோல்வியோடு வீட்டுக்குப் போகலாம், மறுநாள் திரும்ப வரலாம். ஆனால் அடுத்தவன் விட்டுக்கொடுத்து ஜெயித்தவன் எங்கே போவான்? சின்னப் பிள்ளையோடு ஓடுகிறபோதுதான் பெரியவர்கள் வேண்டுமென்றே பின்தங்குவார்கள். செல்லப்பாவின் அந்தத் தோற்ற முகத்தை அவர் நினைத்துப் பார்த்தார். அதற்கும் சேர்த்து மகன் ஏதாவது கொடுத்தானோ என்று கேட்க நாக்கு எழுந்தது. கேட்கவில்லை. பதில் ஆமாம் என்று வந்துவிட்டால் தாங்காது.

"எத்தனை தடவை?"

"இதோட நாலு தடவை திரும்பி வந்துருக்கு. முதல்ல நீங்க வாங்குனது மட்டும் அசல் புதுசு."

"புதுசு வாங்கினப்பவும் அதே வெலை பேசினேனா?"

"அன்னைக்கு நெசமாவே பேசினீங்க பாய்" என்றார் செல்லப்பா. ஆறுதலாகச் சொல்வதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

வீட்டில் சஜ்ஜாத் சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான். நஜ்முதீன் கேனை அவன் தலைமாட்டில் வைத்தார். மூடியைத் திறந்தார்.

"என்ன வாசம் சொல்லு."

சஜ்ஜாத் எழுந்து உட்கார்ந்தான். கேனைப் பார்த்தான், அப்பாவின் கைலியைப் பார்த்தான், அவர் எங்கே போய்விட்டு வந்திருக்கிறார் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. பதில் அடுப்படியிலிருந்து வந்தது.

"சோப்பு போட்டுத்தானே கழுவினேன்" என்றாள் ஜுமைலா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்குக் கேட்டது. நஜ்முதீன் திரும்பவில்லை. முப்பத்தைந்து வருடமாக அந்த அடுப்படியிலிருந்து வருகிற குரல். ஆயிலோடு அவர் வண்டிக்கடியிலிருந்து வெளியே வரும்போது துணியும் சோப்பும் கொண்டு வந்து நிற்கிறவள். "இந்த வயசுல இது தேவையா" என்று எல்லாத் தடவையும் கேட்டவள். அதைக் கரிசனம் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீயுமா?" என்றார், சுவரைப் பார்த்து.

"கம்பெனிக்காரன் லோடு தரமாட்டேன்னுட்டான்" என்றாள் அவள். "உங்ககிட்ட சொன்னா நீங்க வீட்டை ரெண்டாக்குவீங்க. பிள்ளை பயந்தான். நான்தான் சொன்னேன், எதுக்கு வம்பு, அத்தா பாட்டுக்கு மாத்தட்டும், நீ பாட்டுக்கு மாத்துன்னு."

"என் வேலையில குத்தமா?"

"இல்லை அத்தா" என்றான் சஜ்ஜாத். "சர்வீஸ் சென்டர்க்காரனே சொன்னான், இதை எதுக்கு வடிக்கிறீங்க, நல்லாத்தானே போட்டிருக்குன்னு. குத்தம் ஒண்ணுமில்லை. அவங்களுக்கு சீல் வேணும், அவ்வளவுதான்."

"குத்தமில்லைன்னா ஏன் மறைச்சே?"

"மறைக்கலை."

"பின்னே இது என்ன?"

"ஆயில் மாத்தின ஒவ்வொரு தடவையும் சனிக்கிழமை உங்க முன்னாலதான் போன்ல சொன்னேன். மாத்தி வெச்சிட்டுண்டுன்னு."

நஜ்முதீனுக்கு அது நினைவு வந்தது. வந்த வேகத்தில் காது சுட்டது.

சஜ்ஜாத் வீட்டில் தமிழ் பேசுவான். போனை எடுத்தால், எதிரில் செல்லப்பாவே இருந்தாலும், மலையாளம்தான். பள்ளிக்கூடத்துப் பழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று போனில் சொல்வான்: "ஆயிலு மாத்தி வெச்சிட்டுண்டு." உள்ளே நாற்காலியில் நஜ்முதீன் அதைக் கேட்பார். ஆயில் மாற்றி வைத்திருக்கிறது. தன் மகன் பெரிய கம்பெனிக்காரனிடம், தகப்பன் செய்த வேலையைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வார். ஒரு தடவை ஜுமைலாவைக் கூப்பிட்டு, "கேட்டியா, கம்பெனிக்கு ரிப்போர்ட் போகுது" என்றுகூடச் சொன்னார். அவள் சிரித்தாள்.

மலையாளத்தில் மாத்தி வைப்பது என்றால் தனியாக எடுத்து வைப்பது. வடித்த ஆயிலை எடுத்து வைத்தாயிற்று என்று செல்லப்பாவிடம்தான் சொல்லியிருக்கிறான். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. இந்த ஊரிலேயே பிறந்து, பாண்டிகசாலைகளின் சரக்கறைகளில் நின்று, "ஆ சாக்கு மாத்தி வெச்சோ, ஞான் பின்னெ எடுக்காம்" என்று ஆயிரம் மூட்டையை ஒதுக்கி வைக்கச் சொன்னவர்தான். மார்க்கெட்டில் அந்தச் சொல் காதில் விழுந்திருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். வீட்டுக்குள் அவர் காது தமிழுக்கு மாறிவிடும். செருப்பை வாசலில் விடுகிற மாதிரி மலையாளத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர். மகனுக்கு அது தெரியும். அதை நம்பித்தான் வாசலில் நின்று பேசியிருக்கிறான்.

"நான் பொய் சொல்லலை அத்தா" என்றான் சஜ்ஜாத். குரலில் கொஞ்சம் நியாயம்கூட இருந்தது.

"பொய் சொல்லியிருந்தா பரவாயில்லைடா. பொய்யைப் பிடிக்கலாம், திட்டலாம். நீ நெசத்தையே எனக்குக் கேக்காத மாதிரி சொல்லியிருக்கே. தரகுல இதுக்கு ஒரு பேர் இருக்கு. உங்கம்மா இருக்கா, சொல்லலை."

அவர் உட்கார்ந்து நேர்மையாக யோசித்துப் பார்த்தார். போன வருடம் வந்து சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? கத்தியிருப்பார். கம்பெனிக்காரனின் வம்சத்தை இழுத்திருப்பார். மூன்று நாள் பேசாமல் இருந்திருப்பார். நாலாம் நாள் லோடு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, "போய்த் தொலை, சீல் வாங்கிக்கோ" என்று சொல்லியிருப்பார். பிறகு ஜெனரேட்டர்களோடும் புல் வெட்டும் மெஷினோடும் தன் வெள்ளிக்கிழமையை ஓட்டியிருப்பார். அந்த மூன்று நாள் கோபத்தைக்கூட இவர்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வருடம் பொம்மை கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

"அந்த நூத்தைம்பதை என்ன பண்ணினே? செல்லப்பா குடுத்தது."

சஜ்ஜாத் தயங்கினான். "சர்வீஸ் பில்லுக்கு."

ஆக, தன் வேலையைப் பறித்தவனுக்குக் கூலியையும் தன் பையிலிருந்தே கொடுத்திருக்கிறார். நஜ்முதீனுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. வேறு யாருக்கோ நடந்திருந்தால் மார்க்கெட் முழுக்கச் சொல்லியிருப்பார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"திங்கக்கிழமை நம்பர் வரும்ல" என்றார்.

"வரும். உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம் அத்தா."

"வண்டி உனக்குத்தான். சும்மா இல்லை. விலைக்கு."

ஜுமைலா வாசற்படிக்கு வந்துவிட்டாள். "பெத்த பிள்ளைகிட்டயா வெலை பேசறீங்க?"

"ஒரு வருஷமாப் பேசிட்டுத்தானே இருந்திருக்கேன். ஆள் யாருன்னுதான் தெரியலை." அவர் மகனைப் பார்த்தார். "மூணே கால் லட்சம்."

"சரி அத்தா" என்றான் சஜ்ஜாத். "நீங்க சொல்றது."

"இதுதான்." நஜ்முதீனின் குரல் முதல்முறையாக உடைந்தது. "இதைத்தான் பண்ணாதேங்கறேன். என்னை ஜெயிக்க விடாதே. வெளியாள்கிட்ட வாங்கினா எப்படிப் பேசுவியோ, பேசு. பேசத் தெரியலைன்னா எழுந்து போ."

சஜ்ஜாத் தாயைப் பார்த்தான். அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பினாள்.

"மூணே காலெல்லாம் கிடைக்காது" என்றான் கடைசியில். "பின் டயர் ரெண்டும் வழுக்கை."

"டயர் போட்டு எட்டு மாசம்தான் ஆச்சு."

"போட்டது பழைய டயருக்கு ரப்பர் ஒட்டினது. நீங்கதான் விலை குறைச்சு வாங்கினீங்க. தொட்டியோட அடித்தகடு துரு. ரெண்டு இடத்துல ரோடு தெரியுது."

"தகடு மாத்த என்ன பெரிய செலவு?"

"கேஸ் சிலிண்டர் டெஸ்ட் இந்த மாசம் வருது. இடது ஸ்ப்ரிங் பட்டையில ஒரு தகடு விட்டிருக்கு, லோடு ஏத்தினா சாயும். ரெண்டரை."

"ரெண்டரைக்கு இன்ஜின் மட்டும் வரும். அந்த இன்ஜினைக் கேட்டுப் பாரு, தையல் மெஷின் மாதிரி ஓடுது."

"இன்ஜின் நல்லா இருக்கறதுக்கு பில் இருக்கு" என்றான் சஜ்ஜாத். "சர்வீஸ் சென்டர் பில். நாலும் என்கிட்ட."

அடி சரியான இடத்தில் விழுந்தது. நஜ்முதீன் அதை வாங்கிக்கொண்டார். வலித்தது. ஆனால் இந்த ஒரு வருடத்தில் இந்த வீட்டில் அவரிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. மூன்று என்றார். இரண்டு அறுபது என்றான். இரண்டு தொண்ணூறு. அவன் எழுந்து செருப்பு மாட்டுகிற மாதிரி பண்ணினான், நன்றாகவே பண்ணினான். கடைசியில் இரண்டு லட்சத்து எழுபதில் நின்றது. அவர் மனதில் வைத்திருந்தது இரண்டு எண்பது. பத்தாயிரம் தோற்றிருந்தார். யாரும் விட்டுக் கொடுக்காமல்.

"பேசி முடிஞ்சுதா? இனிச் சாயா போடறேன்" என்றாள் ஜுமைலா, எல்லாம் தீர்ந்துவிட்ட குரலில்.

"எனக்கு வேண்டாம்."

அவள் அங்கேயே நின்றாள்.

"வண்டி முடிஞ்சுது. ஆயில் முடியலை" என்றார் நஜ்முதீன். கண்ணை மூடிக்கொண்டு, மூட்டைக் கணக்குச் சொல்கிற பழைய குரலில், தனக்கும் மற்ற இருவருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போனார்.

வாங்கியது பதினைந்து லிட்டர். ஊற்றியது பன்னிரண்டு. ஓர் இரவுக்கு மேல் வண்டியில் தங்கியது ஒன்றுமில்லை. கேனில் இருப்பது மூன்று. கொடுத்த பணம் மூவாயிரத்துத் தொள்ளாயிரம். அதில் அசல் புதுச் சரக்குக்குப் போனது எழுநூற்று எண்பது, அதைத் தள்ளு. மகன் கைக்குப் போனது ஆயிரத்து எண்ணூறு. செல்லப்பா கையில் நின்றது ஆயிரத்து முன்னூற்றிருபது.

சஜ்ஜாத் தர வேண்டியது, வண்டியும் ஆயிலும் சேர்த்து, இரண்டு லட்சத்து எழுபத்தோராயிரத்து எண்ணூறு. தவணை கேட்டால் தரலாம். செல்லப்பா தர வேண்டியது ஆயிரத்து முன்னூற்றிருபது. கலந்த ஆயிலுக்குக் கழிவு கேட்பான், பேசிக்கொள்ளலாம்.

ஜுமைலா. இந்த இடத்தில் அவர் நிறுத்தினார். தொகை வரவில்லை. வரும் வரைக்கும் அவள் பேரில் பாக்கி.